மூச்சும் வாழ்வும்: நாட்பட்ட சுவாச நோயும் வாழ்க்கைத் தரமும்

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டையொட்டிக் கல்லூரி மண்டபத்தில் நிகழ்த்திய சுகாதார உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் ஒரு வைத்தியரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவு, இருதய நோய், புற்றுநோய் என்று ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்வார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பற்றிப் பேச ஆட்கள் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது மூச்சு. இன்னும் சரியாகச் சொன்னால், மூச்சு குறைந்துபோன மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பது. இந்த மண்டபத்தில் இருப்பவர்களிலும், இந்த உரையை மலரில் வாசிக்கப்போகும் ரொரன்ரோ, லண்டன், சிட்னி, கொழும்புச் சகோதரிகளிலும் பலருக்கு வீட்டில் அப்படி ஒரு அம்மாவோ, மாமியோ, அப்பாவோ இருக்கக்கூடும். அது நோய் என்று தெரியாமலே இருக்கவும் கூடும்.

முதலில் நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாட்பட்ட சுவாச அடைப்பு நோய் என்பது ஒரே நாளில் வருவதல்ல. பல வருடங்களாகப் புகையையும் தூசியையும் சுவாசித்ததால் மூச்சுக்குழாய்கள் தடித்து, சளி கட்டி, ஒடுங்கிப்போகின்றன. அதற்கும் அப்பால் இருக்கும் நுண்ணிய காற்றறைகளின் சுவர்கள் சிதைகின்றன. இந்த நோயாளிக்குக் காற்றை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் கஷ்டம். பழைய காற்று முழுவதும் வெளியேறுமுன் அடுத்த மூச்சு வந்துவிடுகிறது. நடக்கத் தொடங்கினால் நெஞ்சுக்குள் காற்று மேலும் மேலும் தேங்கும். அதைத்தான் அவர்கள் "முட்டுது" என்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021 இல் இந்த நோயால் உலகில் சுமார் 35 இலட்சம் பேர் இறந்தார்கள். எல்லா மரணங்களிலும் அது ஏறக்குறைய 5 வீதம். புகைத்தல்தான் பெரிய காரணம் என்று பாடப்புத்தகம் சொல்லும். எங்கள் ஆண்களைப் பொறுத்தவரை அது சரி. சுருட்டும் பீடியும் சிகரெட்டும் செய்த வேலையை நாங்கள் தினமும் பார்க்கிறோம். ஆனால் எங்கள் பெண்களில் புகைப்பவர்கள் மிகக் குறைவு. அவர்களுக்கு ஏன் இந்த நோய் வருகிறது?

விடை குசினிக்குள் இருக்கிறது. பனைமட்டை, ஊமல், தென்னம்பாளை, பொச்சு, ஈரவிறகு எல்லாமே எரியும்போது நுண்துகள்களைக் கக்குகின்றன. புகைபோக்கி இல்லாத குசினியில் அடுப்பின் முன் குந்தியிருந்து ஊதுகுழலால் ஊதும் பெண்ணின் முகம் புகையின் நடுவில்தான் இருக்கும். உலகில் இன்றும் 200 கோடிக்கு மேற்பட்டோர் இப்படித்தான் சமைக்கிறார்கள். வீட்டுக்குள் எழும் புகையால் வருடத்துக்குச் சுமார் 30 இலட்சம் பேர் பல்வேறு நோய்களால் இறக்கிறார்கள்.

என் வயதுக்காரருக்கு இதில் இன்னொரு கணக்கு உண்டு. 1990 இற்குப் பின் பொருளாதாரத் தடைக் காலத்தில் நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில் படித்துப் பரீட்சை எழுதியதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். மண்ணெண்ணெய் கிடைக்காத அந்த வருடங்களில் மூன்று வேளையும் விறகோடு மல்லுக்கட்டியவர்கள் எங்கள் அம்மாமார். 1995 இடப்பெயர்வில் மர நிழல்களில் மூன்று கல் வைத்துச் சமைத்தவர்களும் அவர்கள்தான். 2022 இல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்று கிடைக்காமல் திரும்பிப் போய் விறகடுப்பை மூட்டியவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான். இப்போது அவர்களுக்கு எழுபது, எண்பது வயது. அந்தப் புகை அவர்களுடைய சுவாசப்பைகளில் என்ன செய்திருக்கிறது என்று நாங்கள் கேட்டுப் பார்க்கவில்லை.

புகை மட்டும் காரணமல்ல. ஒருகாலத்தில் காசநோய் வந்து மாறியவர்களின் சுவாசப்பையில் தழும்பு மிஞ்சும். அதிலிருந்தும் நாட்பட்ட அடைப்பு உருவாகும். ஒழுங்காக மருந்து எடுக்காத தொய்வும் பல வருடங்களின் பின் இந்த நிலைக்குக் கொண்டுவரும். அரிசி ஆலை, நெசவு, கல்லுடைத்தல் போன்ற தூசி நிறைந்த வேலைகளும் சேரும்.

இனி இன்றைய தலைப்புக்கு வருகிறேன். வாழ்க்கைத் தரம் என்றால் என்ன? வைத்தியர்கள் நாங்கள் எண்களை நம்புபவர்கள். ஜோன் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய வைத்தியர் 1846 இல் ஸ்பைரோமீற்றர் என்ற கருவியை அறிமுகப்படுத்தினார். பலமாக ஊதச் செய்து, ஒரு செக்கனில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்று இன்றும் அதன் வழிவந்த கருவிகளால்தான் அளக்கிறோம். நோயை உறுதிசெய்ய அந்த அளவு அவசியம். ஆனால் அந்த எண்ணை வைத்து ஒருவர் எப்படி வாழ்கிறார் என்று சொல்லிவிட முடியாது. ஒரே அளவு சுவாசத்திறன் உள்ள இருவரில் ஒருவர் சந்தைக்குப் போய் வருவார். மற்றவர் கட்டிலை விட்டு எழும்ப மாட்டார்.

இந்த இடைவெளியை அளக்கவே வினாக்கொத்துகள் வந்தன. 1992 இல் லண்டன் சென் ஜோர்ஜ் மருத்துவப் பாடசாலையிலிருந்து வந்த வினாக்கொத்து அவற்றில் பெயர்பெற்றது. 2009 இல் வந்த இன்னொரு சிறிய வினாக்கொத்தில் எட்டே எட்டு விடயங்கள்: இருமல், சளி, நெஞ்சு இறுக்கம், படி ஏறும்போது மூச்சு, வீட்டு வேலைகளில் உள்ள தடை, வீட்டை விட்டு வெளியே போகும் துணிவு, நித்திரை, உடற்தெம்பு. இந்தப் பட்டியலில் பாதி மார்புக்கு வெளியே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். வெளியே போகும் துணிவை எந்த எக்ஸ்ரேயும் காட்டாது.

என் கிளினிக்குக்கு வரும் தாய்மாரிடம் "எப்படி இருக்கிறீங்கள் அம்மா?" என்று கேட்டால், "ஒண்டுமில்லைப் பிள்ளை, வயசு போட்டுது, கொஞ்சம் களைக்குது" என்பார்கள். எங்கள் பேச்சில் களைப்பு என்றால் மூச்சு வாங்குவதும் அதுதான், உடல் சோர்வும் அதுதான். கேட்கும் பிள்ளைகள் சோர்வு என்று விளங்கிக்கொண்டு, "அப்ப கொஞ்சம் படுங்கோ" என்று சொல்லி விடுகிறார்கள். ஒரே சொல்லுக்குள் நோய் ஒளிந்துகொள்கிறது.

அதனால் நான் கேள்வியை மாற்றிக் கேட்பேன். "போன வருசம் செய்த எந்த வேலையை இப்ப விட்டிட்டீங்கள்?" அப்போதுதான் கதை வெளியே வரும். கோயிலுக்குப் போவதை விட்டாயிற்று. வெளிவீதி சுற்ற ஏலாது. கிணற்றில் அள்ளுவதை விட்டாயிற்று. தலைக்கு முழுகுவது வாரத்துக்கு ஒருமுறை ஆயிற்று. கையைத் தூக்கித் தலை துவட்ட மூச்சு போதாது. கலியாண வீட்டுக்குப் போவதில்லை. இருமினால் சனம் பார்க்கும். சோறு குறைந்துவிட்டது, வயிறு நிரம்பினால் முட்டுகிறது. பேரப்பிள்ளையைத் தூக்குவதில்லை. இவை ஒன்றொன்றாக விடுபடும்போது யாரும் கவனிப்பதில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு மனிதரின் உலகம் ஒரு கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் இடையே சுருங்கியிருக்கும்.

இதற்குள் ஒரு சுழல் இருக்கிறது. நடந்தால் மூச்சு வாங்குகிறது, ஆகவே நடப்பதில்லை. நடக்காததால் கால் தசைகள் மெலிகின்றன. மெலிந்த தசைக்குச் சிறு வேலைக்கும் கூடுதல் ஒட்சிசன் வேண்டும். ஆகவே முன்னரைவிடக் குறைந்த நடையிலேயே மூச்சு வாங்குகிறது. மூச்சு முட்டும்போது பயம் வருகிறது. பயந்தால் மூச்சு இன்னும் வேகமாகிக் காற்று இன்னும் தேங்குகிறது. பதற்றமும் மனச்சோர்வும் இந்த நோயாளரிடையே மிகவும் சாதாரணம். அன்பின் பெயரால் "நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம், இருங்கோ" என்று சொல்லும் குடும்பங்கள் இந்தச் சுழலை அறியாமலே வேகப்படுத்துகின்றன.

இதை மாற்ற முடியுமா? சிதைந்த காற்றறையைத் திரும்பக் கட்ட முடியாது. ஆனால் வாழ்க்கையைத் திரும்ப அகலமாக்க முடியும். அதற்கான வழிகளில் முக்கியமானவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, புகையை நிறுத்துவது. புகைப்பவர் எந்த வயதில் நிறுத்தினாலும் பயன் உண்டு. வீட்டில் விறகு தவிர்க்க முடியாததென்றால் புகைபோக்கி, காய்ந்த விறகு, திறந்த யன்னல், குசினிக்கு வெளியே அடுப்பு, இவற்றில் முடிந்ததைச் செய்யுங்கள். பூட்டிய அறைக்குள் நுளம்புத்திரி, சாம்பிராணி வேண்டாம். காலையில் முற்றம் கூட்டிக் குப்பையைக் கொளுத்தும் பழக்கத்தையும் விட வேண்டும். அந்தப் புகை வேலி பார்த்து நிற்பதில்லை.

இரண்டாவது, மருந்தைச் சரியாக உள்ளே எடுப்பது. "பம் பழகினால் விடேலாது" என்ற பயம் எங்கள் ஊரில் ஆழமாக இருக்கிறது. பம் போதை தருவதல்ல. குளிசையைவிட மிகக் குறைந்த அளவு மருந்து நேரே தேவைப்படும் இடத்துக்குப் போகிறது. ஆனால் பலர் அதைத் தொண்டைக்குத்தான் அடிக்கிறார்கள். குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, அமத்தும்போதே மெதுவாக ஆழமாக இழுத்து, பத்து வரை எண்ணும் மட்டும் அடக்க வேண்டும். கை நடுங்கும் முதியவர்களுக்கு ஸ்பேசர் என்ற குடுவை உதவும். விலை கூடியது என்று தயங்க வேண்டியதில்லை. 500 மில்லிலீற்றர் பிளாஸ்ரிக் சோடாப் போத்தலில் செய்த ஸ்பேசர் கடையில் வாங்குவதைப் போலவே வேலை செய்கிறது என்று 1999 இல் தென்னாபிரிக்காவில் தொய்வுள்ள பிள்ளைகளிடம் செய்த ஆய்வு காட்டியது. செய்யும் முறையைக் கிளினிக்கில் கேட்டு, பம்மின் வாய் இறுக்கமாகப் பொருந்துகிறதா என்று காட்டிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பயிற்சி. இதைத்தான் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சுவாசப் புனர்வாழ்வு என்று நாங்கள் சொல்வது ஆறு முதல் எட்டு வாரங்கள், வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள், இயன்மருத்துவரின் வழிகாட்டலில் நடையும் கை கால் பயிற்சியும் நோய் பற்றிய விளக்கமும் சேர்ந்த திட்டம். 2015 இல் 65 ஆய்வுகளையும் 3,822 நோயாளரையும் சேர்த்துப் பார்த்த மீளாய்வு ஒன்று, இது மூச்சுத்திணறலையும் சோர்வையும் குறைத்து வாழ்க்கைத் தரத்தை உயர்த்துகிறது என்று தெளிவாகச் சொன்னது. பயன் உண்டா என்று கேட்டு இனியும் ஆய்வு செய்யத் தேவையில்லை என்று சொல்லுமளவுக்கு முடிவு உறுதியாக இருந்தது. இத்தனைக்கும் சுவாசப்பை மாறுவதில்லை. கால்கள் மாறுகின்றன, பயம் மாறுகிறது. பெரிய கருவிகள் தேவையில்லை. ஒரு விறாந்தை, ஒரு கதிரை, தண்ணீர் நிரப்பிய இரண்டு போத்தல்கள், கூட வர ஒரு ஆள் போதும். தொடங்குமுன் வைத்தியரைக் கேளுங்கள். மூச்சு சற்று வாங்குமளவுக்கு நடப்பது ஆபத்தல்ல என்று அவர் சொல்லக் கேட்பதே பாதிச் சிகிச்சை.

நான்காவது, மூச்சைக் கையாளும் சிறு உத்திகள். மூக்கால் இழுத்து, சுடு தேத்தண்ணியை ஊதி ஆற்றுவதுபோல உதட்டைக் குவித்து மெதுவாக விடுங்கள். முட்டும்போது மேசையில் இரு முழங்கைகளையும் ஊன்றி முன்னே சாய்ந்து இருங்கள். முகத்தில் படும் காற்று மூச்சுத்திணறல் உணர்வைக் குறைக்கிறது. கையில் பிடிக்கும் சிறிய விசிறியை வைத்து 2010 இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. எங்கள் பனையோலை விசிறியும் உதவும், ஆனால் வீசுவது இன்னொருவராக இருக்கட்டும். குளிக்கும்போது ஸ்ரூலில் இருந்து குளிப்பது, திருவலையில் குந்தியிருந்து துருவாமல் மேசையில் பூட்டும் திருவலையைப் பாவிப்பது, குனிந்து கூட்டும் விளக்குமாற்றுக்குப் பதில் தும்புத்தடி எடுப்பது, பாத்திரங்களை இடுப்புயரத் தட்டில் வைப்பது என்பவை சின்ன விடயங்கள்தான். ஆனால் குனிவதும் கையை உயர்த்துவதும்தான் இவர்களின் மூச்சை அதிகம் குடிப்பவை. இப்படிச் செய்தால் அம்மா தன் குசினியைத் தானே ஆள முடியும். அந்த அதிகாரம் போவதுதான் பலருக்கு நோயைவிடப் பெரிய துயரம்.

ஐந்தாவது, ஒட்சிசன். வெளிநாட்டிலுள்ள சகோதரிகள் இதைக் கவனமாக வாசிக்க வேண்டும். அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று கேட்டவுடன் பெரும் பணம் அனுப்பி ஒட்சிசன் இயந்திரம் வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகள் பலர். மூச்சு வாங்குவதும் இரத்தத்தில் ஒட்சிசன் குறைவதும் ஒன்றல்ல. ஓய்விலேயே ஒட்சிசன் மிகவும் குறைந்தவர்களுக்கு, நாளொன்றுக்கு 15 மணித்தியாலத்துக்குக் குறையாமல் கொடுத்தால் ஆயுள் கூடும் என்று 1980, 1981 இல் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் வெளியான ஆய்வுகள் காட்டின. ஆனால் குறைவு மிதமாக உள்ளவர்களுக்கு அது ஆயுளையோ வாழ்க்கைத் தரத்தையோ உயர்த்தவில்லை என்று 2016 இல் 738 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த ஆய்வு காட்டியது. தேவையில்லாமல் கூட்டிக் கொடுத்தால் சிலருக்கு இரத்தத்தில் காபனீரொட்சைட்டு ஏறி மயக்கமும் வரும். குழாயோடு கட்டிப்போட்டால் நடையும் நின்றுவிடும். அடுப்பு, சாமி விளக்கு, கற்பூரம் எரியும் இடத்தில் ஒட்சிசன் தீ விபத்துக்கும் வழி. ஆகவே வைத்தியர் அளந்து சொன்னால் மட்டும் வாங்குங்கள். அதே பணத்தில் புகைபோக்கி வைத்து, கழிப்பறையில் கைபிடி பூட்டி, வாரத்தில் மூன்று நாள் கூட நடக்க ஒரு பிள்ளையை ஒழுங்குசெய்தால் பல வீடுகளில் அது கூடுதல் பயன் தரும்.

இவற்றோடு, வருடாந்த இன்புளுவென்சாத் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். சளியின் நிறம் மாறினால், அளவு கூடினால், வழமையைவிட மூச்சு முட்டினால் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு கடும் தாக்கமும் சுவாசப்பையிலிருந்து கொஞ்சத்தை எடுத்துக்கொண்டுதான் போகும். நோய் முற்றியவரோடு, அவர் என்ன விரும்புகிறார், எங்கே இருக்க விரும்புகிறார் என்பதை அவர் தெளிவாகப் பேசக்கூடிய நாளிலேயே பேசுங்கள். அப்படிப் பேசினால் ஆயுள் குறையாது.

சரி, பழைய மாணவிகள் நாங்கள் என்ன செய்யலாம்? இரண்டு விடயங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, தொலைபேசியில் கேட்கும் கேள்வியை மாற்றுவது. "சுகமா அம்மா?" என்று கேட்டால் "சுகம்" என்றுதான் பதில் வரும். பிள்ளை தூரத்தில் கவலைப்படக்கூடாது என்று மறைப்பது எங்கள் தாய்மாரின் குணம். தென் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளரிடையே நடந்த ஆய்வுகளிலிருந்து வளர்ந்த மூச்சுத்திணறல் அளவுகோல் ஒன்றை உலகம் முழுவதும் பாவிக்கிறோம். அதை எங்கள் ஊர்ப் பேச்சில் இப்படிக் கேட்கலாம். "அவசரமா நடந்தா மூச்சு வாங்குதோ? உங்கட வயசுக்காரரோட சேர்ந்து நடக்க ஏலுதோ, பின்தங்கிறீங்களோ? ஒரு நூறு மீற்றர் போக முதல் நிண்டு ஆற வேண்டியிருக்கோ? உடுப்பு மாத்தேக்கை களைக்குதோ?" கேள்வி போகப் போக நோயின் படியும் ஏறுகிறது. இரண்டாவது கேள்விக்கே அவர் பின்தங்குகிறார் என்றால், வயது என்று விட்டுவிடாமல் ஸ்பைரோமீற்றர் பரிசோதனைக்கு அனுப்புங்கள். மூச்சு வாங்குவது இருதய நோயாலும் குருதிச்சோகையாலும்கூட வரும். எதுவானாலும் பார்க்கப்பட வேண்டியது. அரச வைத்தியசாலைகளில் இதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. வட்ஸ்அப்பில் முகத்தைப் பார்த்துப் பேசுபவர்கள், அவர் ஒரு வசனத்தை ஒரே மூச்சில் முடிக்கிறாரா என்பதையும் கவனியுங்கள்.

மற்றது, எங்கள் சங்கம் செய்யக்கூடியது. நூறு வருடங்களாக இந்தச் சங்கம் கட்டடம் எழுப்பியிருக்கிறது, புலமைப்பரிசில் கொடுத்திருக்கிறது. இந்த வருடம் நிதி சேர்க்கும்போது ஒரு பங்கை, இங்கு படிக்கும் பிள்ளைகளின் வீடுகளில் புகைபோக்கி இல்லாத குசினிகளுக்கு ஒதுக்கலாம் என்பது என் வேண்டுகோள். ஒரு புகைபோக்கிக்கு நினைவுக்கல் வைக்க முடியாது, திறந்துவைக்க நாடாவும் வெட்ட முடியாது. ஆனால் அந்த வீட்டில் கைக்குழந்தை முதல் அம்மம்மா வரை எல்லோரும் அதனால் நல்ல காற்றைச் சுவாசிப்பார்கள். மாணவிகளுக்கும் ஒரு வேலை கொடுக்கலாம். சுகாதாரக் கழகத்துப் பிள்ளைகள் தங்கள் வீட்டு முதியவர்களிடம் நான் சொன்ன கேள்விகளைக் கேட்டு எழுதி வரட்டும். தேவையானவர்களைக் கிளினிக்குக்கு அனுப்பும் பொறுப்பைப் பழைய மாணவிகளான வைத்தியர்கள் நாங்கள் ஏற்போம். இன்று மேடையிலும் சபையிலும் எங்களில் பலர் இருக்கிறோம்.

எங்கள் தாய்மார் எங்களுக்காக எதையெல்லாம் விட்டுக்கொடுத்தார்கள் என்று நாங்கள் அடிக்கடி பேசுகிறோம். அந்தப் பட்டியலில் மூச்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு மிச்சமிருக்கும் வருடங்களில் கோயில் வீதியைச் சுற்றி வரவும், இருந்து குளிக்கவும், பேரப்பிள்ளைக்கு நிற்காமல் ஒரு கதை சொல்லி முடிக்கவும் முடிந்தால் அதுவே வாழ்க்கைத் தரம். இந்த வாரம் வீட்டுக்கு எடுக்கும் அழைப்பிலேயே அந்த நாலு கேள்விகளையும் கேட்டுவிடுங்கள்.